காலி உறைக்கு ஒரு விலை

ஊருக்கு உபதேசம் செய்வது பத்திரிகைக்காரனுடைய தொழில். அந்த உபதேசம் அவனுடைய வீட்டு வாயிற்படியைத் தாண்டி உள்ளே செல்லுகிறதா என்று நேயர்கள் கேட்பதில்லை. ஆனால் வீட்டிலுள்ளோர் கேட்டுவிடுகின்றனர். சில மாதங்களுக்கு முன் துணிப்பையின் மேன்மையைக் குறித்து இப்பக்கத்தில் நாம் ஒரு வியாசம் எழுதியிருந்தோம். அதைப் படித்த நமது இல்லாள் அன்று ஒன்றும் கூறவில்லை. அடுத்த திங்கட்கிழமை தொடங்கி ஞாயிறு முடிய, வீட்டிற்குள் வந்த உணவுப் பொருள்களின் பிளாஸ்டிக் உறைகளில் ஒன்றைக்கூடக் குப்பையில் போடாமல் கழுவிக் காயவைத்து, ஒரு சாக்கில் சேர்த்து, ஞாயிறு மாலை நமது மேஜைமீது கொட்டினார். “இதையும் எழுதுங்கள்” என்பதே அவர் சொன்ன வார்த்தை.

எண்ணிப் பார்த்தோம். குடும்பத்தில் ஐந்து பேர். பால் உறை 14. தயிர் உறை 5. தோசை மாவு உறை 2. பருப்பு, ரவை, உளுந்து முதலிய மளிகை உறை 9. எண்ணெய் உறை 2. மசாலாப் பொடிகளின் உறை 6. ரொட்டி உறை 2. பிஸ்கோத்து, வறுவல் முதலிய தின்பண்ட உறை 23. இரண்டு நாள் ஹோட்டலிலிருந்து வாங்கி வந்த பலகாரத்தோடு சாம்பாரும் சட்னியும் தாங்கி வந்த சிறு உறைகள் 11. ஆக மொத்தம் 74.

இந்த எழுபத்துநான்கில் கடைக்காரர் கொடுத்த பை ஒன்றுகூட இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். நாம் சொன்னபடியே செய்திருக்கிறோம். கடைக்குப் போகும்போதெல்லாம் மஞ்சள் பை நமது கையில் இருந்தது. பை துணியாலானது, பைக்குள் வந்தவை யாவும் பிளாஸ்டிக். வாயிலில் காவலை வைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்டவனுடைய நிலைமையை அன்று நாம் அடைந்தோம்.

ஆதலின் பையைப் பற்றி இன்று மீண்டும் எழுதப்போவதில்லை. பைக்குள் இருப்பதைப் பற்றியே எழுதத் துணிந்தோம்.

பழைய வழக்கம்

எழுபதைக் கடந்த நமது தாயார் அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு, தமது பிள்ளைப் பிராயத்தில் கும்பகோணத்து வீட்டில் ஒரு வாரத்தில் சேர்ந்த குப்பை எவ்வளவு என்பதை விவரித்தார். பாலுக்குச் செம்பு, எண்ணெய்க்குத் தூக்கு, அரிசிக்கும் உளுந்துக்கும் கோணிப்பை. மிளகும் சீரகமும் கடுதாசிப் பொட்டலத்தில் வரும். பொட்டலம் கட்டிய சணல் நூலை ஒரு குச்சியில் சுற்றி வைப்பார்கள். கடுதாசி அடுப்பு மூட்ட உதவும். மிட்டாய்க் கடையில் மந்தார இலையும் தொன்னையும். பூக்கடையில் வாழைச் சருகு. இலையை மாடு தின்னும். தொன்னை எருக்குழிக்குப் போகும். குப்பை என்ற சொல்லுக்கு அந்நாளில் எரு என்றே பொருள் கொள்ளலாயிருந்தது. நிலத்துக்குப் போட்டால் பயிர் விளையும் பொருளுக்கே குப்பை என்று பெயர்.

இந்த வழக்கம் எவ்வளவு விரைவில் மறைந்தது என்பதை எண்ணினால் திகைப்பு உண்டாகிறது. பாலிதீன் என்னும் பொருள் 1933-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள ஒரு ரசாயனச் சாலையில், வேறெதையோ தேடிய பரிசோதனையின்போது தற்செயலாக வெளிப்பட்டது. உலகம் அதைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கியது 1950-க்குப் பிறகே. 1950 முதல் 2015 வரை உலகில் உற்பத்தியான பிளாஸ்டிக்கைக் கணக்கிட்ட ஆராய்ச்சியாளர்கள், அது சுமார் 830 கோடி டன் என்று 2017-இல் வெளியிட்டார்கள். அதில் 630 கோடி டன் ஏற்கெனவே கழிவாகிவிட்டது. அக்கழிவில் மறுபடியும் உருக்கிப் பயன்படுத்தப்பட்டது நூற்றுக்கு 9 பங்கு. எரிக்கப்பட்டது 12 பங்கு. மீதி 79 பங்கு குப்பை மேடுகளிலும் வெளியிலும் கிடக்கிறது. பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தும் துறைகளுள் முதலிடம் பெறுவது சரக்குகளை அடைத்துக் கட்டும் தொழிலே என்பதும் அந்தக் கணக்கிலேயே விளங்குகிறது. அதாவது, செய்ததில் பெரும்பங்கு தூக்கி எறிவதற்கென்றே செய்யப்பட்டது.

நமது தேசத்தில் 2019-20-ஆம் ஆண்டில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவு சுமார் 35 இலட்சம் டன் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்கிட்டது. அந்தக் கணக்கில் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றது. சென்னையின் குப்பையைப் பல்லாண்டுகளாகத் தாங்கி வந்தவை கொடுங்கையூரும் பெருங்குடியும். பெருங்குடிக் குப்பை மேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின்மேல் ஏறி நிற்கிறது. அச்சதுப்பு நிலம் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் தலமென 2022-இல் அறிவிக்கப்பட்டது. கௌரவம் ஒரு பக்கம், குப்பை ஒரு பக்கம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுவதில்லை.

இரண்டு உறைகளின் சரித்திரம்

நமது மேஜைமீது கிடந்த உறைகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று பால் உறை. மற்றொன்று உருளைக்கிழங்கு வறுவல் வந்த பளபளப்பான உறை.

பால் உறை பாலிதீன் என்னும் ஒரே வகைப் பொருளால் ஆனது. அதைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்து வைத்தால் பழைய பேப்பர்க் கடைக்காரர் எடை போட்டு வாங்கிக்கொள்வார். உருக்கினால் வேறு பண்டமாகும். ஆகையால் அதற்குச் சந்தையில் ஒரு விலை உண்டு.

வறுவல் உறை அப்படிப்பட்டதன்று. பார்வைக்கு அது ஒரு தாள். உண்மையில் பல தாள்கள் ஒட்டிய அடுக்கு. அச்சு ஏறுவதற்கு மேலே ஒரு வகைப் பிளாஸ்டிக். காற்றும் ஒளியும் ஈரமும் புகாதிருக்க நடுவில் உலோகப் பூச்சு. வெப்பத்தால் ஒட்டி மூடுவதற்கு உள்ளே வேறொரு பிளாஸ்டிக். வறுவல் மாதக்கணக்கில் மொறுமொறுப்பாயிருப்பதற்கு இந்த அடுக்கே காரணம். ஆனால் ஒவ்வொரு அடுக்கும் உருகும் சூடு வேறு. அவற்றைப் பிரித்தெடுப்பதோ மிகவும் அருமை. எனவே அதைப் பழைய பேப்பர்க் கடைக்காரர் தொடுவதில்லை. குப்பை பொறுக்கிப் பிழைக்கும் ஏழையும் அதைக் குனிந்து எடுப்பதில்லை. அது காற்றில் பறந்து சாக்கடையை அடைகிறது. அல்லது சருகோடு சேர்த்துத் தெருவோரத்தில் கொளுத்தப்பட்டு, நச்சுப் புகையாக நமது மூக்கிலேயே ஏறுகிறது. அல்லது எச்சில் உணவோடு மாட்டின் வயிற்றுக்குள் போய்த் தங்குகிறது.

நமது தெருவைப் பார்த்தாலே இவ்வுண்மை புலப்படும். பித்தளைத் துண்டு கிடக்கிறதா? பால் உறை கிடக்கிறதா? கிடந்தால் மாலைக்குள் மறைந்துவிடும். பிஸ்கோத்து உறையும் மசாலா உறையும் மட்டுமே கிடந்த இடத்தில் கிடக்கும். விலையுள்ள பொருள் வீதியில் கிடப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளும்படி வேண்டுகிறோம். நாம் பின்னால் சொல்லப்போகும் யோசனை முழுவதும் இதையே ஆதாரமாகக் கொண்டது.

கழிவைப் பயன்படுத்த வழிகள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. மதுரைத் தியாகராஜர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைத் தாரோடு கலந்து சாலை போடும் முறையைக் கண்டறிந்து நாட்டுக்கு உபகாரம் செய்தார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சிமெண்ட் ஆலைகளின் சூளையில் அடுக்கு உறைகளை எரிபொருளாக இடுவதும் நடக்கிறது. இவையெல்லாம் வந்துவிட்ட வியாதிக்கு மருந்து. சாலை போடுவதற்கென்று எவரும் பிஸ்கோத்துத் தின்பதில்லை. வியாதி வராதிருக்கும் வழியைத் தேடுவதே விவேகம்.

சட்டமும் விலக்கும்

சட்டம் படித்தவன் ஒரு சட்டத்தைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பது விதியை அன்று, விலக்கையே. விலக்கு எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு விதி ஒடுங்கியது என்று அர்த்தம்.

2018 ஜூன் 5-ஆம் தேதி தமிழ்நாடு சட்டசபையில் அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகை தடை செய்யப்படுமென்று அறிவித்தார். கைப்பை, உணவு கட்டும் தாள், தட்டு, டம்ளர், உறிஞ்சு குழல், தண்ணீர் உறை முதலியவை அதில் அடங்கின. நல்ல காரியம், நாம் அதை வரவேற்கவே வேண்டும். ஆனால் பால், எண்ணெய், மருந்து இவற்றின் உறைகள் விலக்கப்பட்டன. தொழிற்சாலையிலேயே சரக்கை அடைத்து மூடி அனுப்பும் உறைகளுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. பின்னதாகச் சொன்ன விலக்கு 2020 ஜூனில் நீக்கப்பட்டது. நீக்கிய பின்னும் பெட்டிக்கடை வாயிலில் சரம்சரமாகத் தொங்கும் உறைகளில் ஒன்றேனும் குறைந்ததா என்பதை நேயர்கள் தமது தெருமுனைக்குச் சென்று பார்த்துக்கொள்ளலாம்.

மத்திய சர்க்காரும் 2021-இல் விதிகளைத் திருத்தி, 2022 ஜூலை முதல் தேதியிலிருந்து தட்டு, கரண்டி, உறிஞ்சு குழல், மிட்டாய்க் குச்சி முதலிய சில பொருள்களைத் தடை செய்தது. மிட்டாயின் குச்சி தடைக்கு உட்பட்டது. மிட்டாயைச் சுற்றிய உறை உட்படவில்லை. கைப்பையின் கனம் 120 மைக்ரானுக்குக் குறையலாகாது என்ற விதி 2022 டிசம்பர் இறுதியில் அமலுக்கு வந்தது. அதே 2022-இல், பிளாஸ்டிக் உறையில் சரக்கு விற்போர் அவ்வுறைகளுக்குத் தாமே பொறுப்பேற்க வேண்டும் என்ற கொள்கையையும் வகுத்தார்கள். கொள்கை உத்தமமானது. ஆனால் உறையைத் திரும்பப் பெற்று மறுபடி நிரப்பும் கடமை, கெட்டியான புட்டி, டப்பா போன்றவற்றுக்கே விதிக்கப்பட்டது. 0.9 லிட்டர் முதல் 4.9 லிட்டர் வரை கொள்வனவற்றுக்கு 2025-26-இல் நூற்றுக்கு 10 பங்கு. அதற்கு மேல் கொள்வனவற்றுக்கு 70 பங்கு. நமது மேஜையில் கிடந்த எழுபத்துநான்கில் ஒன்றுக்கேனும் இந்தக் கடமை பொருந்தாது. அவை யாவும் மெல்லிய உறைகள்.

இதன் பயனாக நிகழ்வது என்ன? வாழைத்தாரோடு தெருவில் அமர்ந்து வியாபாரம் செய்யும் கிழவியிடம் ஒரு கட்டுப் பை இருந்தால் அதிகாரிகள் பறிமுதல் செய்கிறார்கள், அபராதமும் விதிக்கிறார்கள். அவளுக்குப் பின்னாலுள்ள பெரிய கடையில் பத்து அலமாரி நிறைய உறைகள் சட்ட சம்மதத்துடன் வீற்றிருக்கின்றன. கிழவியை விட்டுவிட வேண்டுமென்று நாம் வாதிக்கவில்லை. ஒரே குற்றத்துக்கு எளியவனிடம் ஒரு நியாயமும் வலியவனிடம் ஒரு நியாயமும் இருக்கலாகாது என்பதே நமது வாதம்.

எதிர்த் தரப்பு வாதம்

எதிரியின் வாதத்தை அவனைவிட நன்றாக எடுத்துரைக்க இயலாதவன் வழக்கை ஏற்கலாகாது என்பது நியாயஸ்தலத்துப் பழக்கம். உறைக்கு ஆதரவாகவும் நியாயங்கள் உண்டு.

முதலாவது, கலப்படம். 1998-இல் டில்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்து விற்கப்பட்டதால், நீர்க்கோவை நோய் பரவி அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த அனுபவத்துக்குப் பின்னரே எண்ணெயை மூடி முத்திரையிட்ட உறையில்தான் விற்க வேண்டும் என்ற உத்தரவு பிறந்தது. உதிரியாக விற்ற பழைய கடையில் எல்லாம் சுத்தமாயிருந்தது என்று பாசாங்கு செய்வது பொய். அளவு குறைத்த படியும், மண் கலந்த மல்லியும், தண்ணீர் கலந்த பாலும் நமது தாத்தாக்கள் அறியாதவை அல்ல. பழைய செய்தித்தாளில் வடை மடித்துக் கொடுப்பதும் தகாது; அச்சு மையிலுள்ள நஞ்சு எண்ணெயோடு சேர்ந்து உணவில் இறங்குமென்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அதைத் தடுத்திருக்கிறார்கள். நமது பத்திரிகையைப் படித்த பின் அதில் பஜ்ஜி கட்டும் நண்பர்கள் இதைக் கவனிக்குமாறு வேண்டுகிறோம்.

இரண்டாவது, ஏழையின் கை. நாட்கூலி வாங்குபவன் மாத மளிகையை மொத்தமாக வாங்க இயலாது. ஷாம்பூவைச் சிறு உறையில் அடைத்து எளியோருக்கும் எட்டச் செய்த தொழில் நமது கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவருடைய முயற்சியால் வளர்ந்தது. பிறகு காப்பிப்பொடி, மசாலா, ஊறுகாய் எல்லாம் அவ்வழியே சென்றன. ஐந்து ரூபாய் உறை ஏழைக்கு ஒரு சௌகரியம் என்பதை மறுப்பதற்கில்லை. மாடி வீட்டில் ஐந்து கிலோ டப்பா வாங்குபவன், குடிசையில் ஐந்து ரூபாய் உறை வாங்குபவளைப் பார்த்துக் குப்பை போடாதே என்று உபதேசிப்பது அழகாகாது.

இவ்விரண்டு வாதங்களையும் நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆயின் இவற்றிலிருந்து உறை வேண்டும் என்று ஏற்படுமே தவிர, உறை எறியப்பட வேண்டும் என்று ஏற்படாது. முத்திரையிட்ட புட்டியும் கலப்படத்தைத் தடுக்கும். அது திரும்பியும் போகும். ஏழைக்குச் சிறு அளவில் சரக்குத் தேவை. காலி உறை அவளுக்குத் தேவையன்று. உண்மையில் அவளுடைய தெருவில்தான் குப்பை வண்டி அருமையாக வருகிறது. அவளுடைய சாக்கடையில்தான் உறை அடைத்து மழைநீர் வீட்டிற்குள் ஏறுகிறது.

நீலகிரியின் பாடம்

மதுவிலக்கை விரும்பும் நாம் மதுக்கடையிலிருந்து ஒரு பாடம் கற்க நேர்ந்தது காலத்தின் விசித்திரம். நீலகிரி மலையில் குடித்துவிட்டு எறிந்த புட்டிகள் உடைந்து காட்டு விலங்குகளின் காலைக் கிழித்து வந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவையொட்டி, 2022 மே மாதத்திலிருந்து அம்மாவட்டத்துச் சர்க்கார் மதுக்கடைகளில் புட்டி ஒன்றுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அப்பத்து ரூபாயையும் திருப்பித் தரும் ஏற்பாடு தொடங்கியது. விற்ற புட்டிகளில் மிகப் பெரும்பகுதி திரும்பி வந்தது. குடித்தவன் எறிந்தாலும் வேறொருவன் எடுத்துக் கொண்டுவந்து பத்து ரூபாய் பெற்றான். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அம்முறை பரவியது.

குடிகாரருக்குச் சுற்றுப்புறச் சுத்தத்தைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்யவில்லை, சுவரொட்டி ஒட்டவில்லை, உறுதிமொழி வாங்கவில்லை. காலிப் புட்டிக்கு ஒரு விலை வைத்தார்கள். பழக்கம் தானே மாறிற்று. இது நமக்குப் புதிய வித்தையும் அன்று. கோலி சோடாப் புட்டியைக் கடையிலேயே கொடுத்துவிட்டு வந்தவர்கள் நாம். சென்னையில் பால் கண்ணாடிப் புட்டியில் வந்ததையும், காலிப் புட்டியைக் கழுவி வாயிலில் வைத்ததையும் முதியோர் நினைவு கூர்வர்.

சாராயத்துக்குக் கிடைத்த நல்ல விதி பாலுக்குக் கிடைக்கலாகாதா என்று கேட்கிறோம். ஆவின் நாள்தோறும் விற்பது சுமார் 30 இலட்சம் லிட்டர் பால். அதை அரை லிட்டர் உறைகளாகவே கணக்கிட்டால் ஒரு நாளைக்கு 60 இலட்சம் உறை. அது கூட்டுறவு நிறுவனம். சர்க்காரின் சொல்லுக்கு உட்பட்டது. ஊர்தோறும் அதற்குச் சாவடி உண்டு. பால் கொண்டுவரும் வண்டி காலியாகவே திரும்பிப் போகிறது. உறைக்கு ஒரு சிறு முன்பணம் வைத்து, கழுவிக் கொடுத்தால் திருப்பித் தருவதற்கும், நகரங்களில் புட்டியிலோ, சொந்தப் பாத்திரத்திலோ பால் வழங்கிப் பார்ப்பதற்கும் இதைவிடத் தக்க இடம் எது? சர்க்கார் தன் வீட்டில் செய்து காட்டிய பின் தனியார் ஆலைகளிடம் இதைக் கேட்கும்போது அச்சொல்லுக்குப் பலம் இருக்கும். விலையற்ற அடுக்கு உறைக்கும் ஒரு முன்பணம் விதித்தால், அதைத் திரும்ப வாங்கும் சுமையை உணர்ந்த முதலாளிகள் ஒரே வகைப் பொருளாலான உறையைத் தாமே தேடிக் கண்டுபிடிப்பார்கள்.

வீட்டில் செய்யத்தக்கது

சர்க்காரை எதிர்பார்த்துக் கைகட்டி இருக்கலாமா? கூடாது. மூன்று மாதங்களாக நமது வீட்டில் செய்து பார்த்ததை ஒளிக்காமல் கூறுகிறோம்.

நாம் உற்சாகத்தோடு, இனி எல்லாவற்றுக்கும் பாத்திரம் கொண்டு போவோம் என்று பிரகடனம் செய்தபோது நமது இல்லாள் ஒரு கேள்வி கேட்டார்: “எண்ணெய்த் தூக்கைக் கழுவப்போவது யார்?” அதற்கு நம்மிடம் விடையில்லை. நாட்டில் சிக்கனம், சுத்தம், பழைமை என்று ஆடவர் செய்யும் தீர்மானங்கள் அனைத்தும் பெண்டிரின் தலையில் ஒரு வேலையாக இறங்குவதே வழக்கம். பிளாஸ்டிக் உறை இவ்வளவு எளிதில் வென்றதற்கு அது ஒரு காரணம். அது அடுக்களையிலுள்ளோருக்கு ஒரு கழுவலை மிச்சப்படுத்திற்று. ஆகவே பாத்திரத்தை எடுத்துச் செல்வதும் திரும்பக் கழுவி வைப்பதும் வீட்டு ஆடவருடைய பொறுப்பு என்று ஏற்பாடு செய்துகொண்டோம். நாமும் நமது குமாரரும் முறை வைத்துச் செய்து வருகிறோம்.

ஹோட்டலுக்கு நாலடுக்குத் தூக்கை எடுத்துச் சென்றோம். முதல் நாள் சர்வர் சிரித்தார். இரண்டாம் நாள் சாம்பாரை ஒரு கரண்டி அதிகமாகவே ஊற்றினார். பருப்பும் உளுந்தும் மூட்டையிலிருந்து அளந்து தரும் மொத்தக் கடையில் துணிப்பைகளில் வாங்கினோம். அங்கே அண்ணாச்சி, “ஐயா, பையின் எடையைக் கழித்துப் போட நேரமில்லை, கூட்டமில்லாத பிற்பகலில் வாருங்கள்” என்றார், அவ்வாறே சென்றோம். எண்ணெயைக் கண்முன் ஆட்டித் தரும் செக்கில் நமது டின்னில் பெற்றோம். தயிர் வீட்டிலேயே தோய்ந்தது. மாவு வீட்டிலேயே அரைந்தது. பிள்ளைகளின் பிஸ்கோத்து விஷயத்தில் நாம் பெருந்தோல்வி அடைந்தோம். கடலை உருண்டையும் முறுக்கும் ஓரளவுக்கே கைகொடுத்தன.

மூன்றாம் மாதக் கடைசி வாரத்தில் மறுபடி எண்ணினோம். பால் 14, மளிகை 3, மசாலா 3, ரொட்டி 2, தின்பண்டம் 14, மற்றவை இல்லை. ஆக 36. எழுபத்துநான்கு பாதிக்கும் கீழே இறங்கியது. எஞ்சியவற்றில் 28 பாலும் தின்பண்டமுமே. இந்த இருபத்தெட்டை எவ்வளவு வைராக்கியமுள்ள குடும்பமும் தானாகக் குறைப்பது அரிது. அதைச் செய்ய வேண்டியவர்கள் செய்து விற்பவர்களும் அவர்களுக்கு விதி வகுப்பவர்களும். குடும்பத்தின் கடமை எங்கே முடிகிறது, ஆலையின் கடமை எங்கே தொடங்குகிறது என்பதை இந்தச் சிறு கணக்கு நமக்கு விளக்கிற்று.

பொதுவாழ்வினர் செய்ய வேண்டுவது

இப்பத்திரிகையைப் படிப்போரில் பலர் பொதுக்காரியங்களில் ஈடுபட்டவர்கள். நகரசபையிலும் ஊராட்சியிலும் கட்சிகளிலும் சங்கங்களிலும் குரலுள்ளவர்கள். அவர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள்.

ஒன்று, தத்தம் மேடையைப் பாருங்கள். பிளாஸ்டிக் ஒழிப்பைப் பற்றிப் பேசும் தலைவருக்கு முன்னால் பிளாஸ்டிக் புட்டியில் தண்ணீர் வைக்கும் வழக்கம் ஒழியட்டும். கூட்டத்திலும் கலியாணத்திலும் வாழையிலையும் எவர்சில்வர் டம்ளரும் இருக்கட்டும்; கழுவுவோருக்குரிய கூலி செலவுக் கணக்கில் ஏறட்டும்.

இரண்டு, நியாய விலைக் கடையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் இரண்டு கோடிக்கு மேற்பட்ட குடும்ப அட்டைகள் உள்ளன. அவர்கள் அரிசியும் சர்க்கரையும் பருப்பும் சொந்தப் பையில்தானே வாங்கி வருகிறார்கள்? பையும் பாத்திரமும் கொண்டுபோகும் பழக்கம் இந்நாட்டில் செத்துப்போகவில்லை என்பதற்கு இது சாட்சி. பணமுள்ளவர்கள் மட்டுமே அதை மறந்தார்கள். அந்த வழக்கத்தைக் காப்பாற்றுவதும், உதிரி விற்பனைக் கடைகளில் கலப்படச் சோதனையை ஒழுங்காக நடத்தும்படி வற்புறுத்துவதும் உங்கள் கடமை. நம்பிக்கை இருந்தால்தான் ஜனங்கள் உதிரிச் சரக்கை வாங்குவார்கள்.

மூன்று, 2021 டிசம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் பை பற்றிய நினைவை மக்களிடம் எழுப்பிற்று. அதற்கு அடுத்த படியைக் கேளுங்கள். காலி உறைக்கு ஒரு விலை வேண்டுமென்று நகரசபைகளில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். சட்டசபை அங்கத்தினரைச் சந்திக்கும்போது மனுக் கொடுங்கள். புட்டிக்குப் பத்து ரூபாய் வைக்கத் தெரிந்த சர்க்காருக்கு உறைக்கு ஒரு ரூபாய் வைக்கத் தெரியாமற் போகாது.

பழக்கம் என்பது ஒரு நாளில் வந்ததன்று. ஒரு நாளில் போவதுமன்று. ஆனால் நமது தாயாருடைய ஆயுட்காலத்துக்குள்ளே ஒரு பழக்கம் போய் மற்றொன்று வந்து நிலைத்ததென்றால், நமது ஆயுட்காலத்துக்குள் அதைத் திருப்ப இயலாது என்று சொல்வதற்கு நியாயமில்லை. நாளைக் காலையில் கடைக்குப் புறப்படும் நேயர் பையோடு தூக்கையும் கையில் எடுத்துச் செல்வாராக. திரும்பி வந்த பின் தாமே அதைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாராக.